அரசு எதுவரை? – வாசகர் கேள்வி பதில்

அரசாங்கமே மருத்துவமனை நடத்தலாமா என்ற கேள்விக்குப் போன இதழில் நாலு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்த பிறகு, இந்த முறை பக்கம் முழுவதையும் அரசின் வேலை எதுவரை என்ற ஒரே விஷயத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கோபமாக எழுதியவர்களின் கேள்விகளும் உள்ளே இருக்கின்றன.

கேள்வி: டிவி விவாதத்தில் ஒருவர் எல்லாவற்றையும் அரசுதான் செய்ய வேண்டும் என்கிறார், எதிரே இருப்பவர் அரசு ஒதுங்கி நின்றாலே நாடு உருப்பட்டுவிடும் என்கிறார். இரண்டு பேருமே நன்றாகப் படித்தவர்கள். அப்புறம் எப்படி இவ்வளவு வித்தியாசம்? யார் சொல்வது சரி? – கல்லூரி மாணவி

அவர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று பாருங்கள், பாதி விளங்கிவிடும். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்துத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ். தலைக்கு மேலே பலமான ஓர் அதிகாரம் இல்லாவிட்டால் மனிதர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்று 1651இல் எழுதினார். அதே நாட்டில் நாற்பது வருடம்கூட ஆகவில்லை, 1689இல் ஜான் லாக் என்ற இன்னொரு தத்துவ அறிஞர் வருகிறார். அவருக்குப் பயம் அக்கம்பக்கத்து மனிதனிடம் இல்லை, வரம்பு மீறும் மன்னனிடம். உயிரையும் சுதந்திரத்தையும் சொத்தையும் காப்பாற்றத்தான் அரசு, அதற்கே அது உலை வைத்தால் மக்கள் அதைத் தூக்கி எறியலாம் என்றார். மூன்றாவதாக ஒரு பயம் தொழிற்சாலைக் காலத்தில் வந்தது. உழைக்கத் தயாராக இருப்பவனையும் நோயோ வேலையிழப்போ முதுமையோ ஒரே மாதத்தில் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும் என்ற பயம் அது. 1942இல் பிரிட்டனில் சமூகப் பாதுகாப்பு பற்றிய பெவரிட்ஜ் அறிக்கை வறுமை, நோய், அறியாமை, சுகாதாரமற்ற வாழ்விடம், வேலையின்மை என்று ஐந்து அரக்கர்களைப் பட்டியல் போட்டது, 1948இல் அங்கே எல்லோருக்குமான தேசிய மருத்துவச் சேவை தொடங்கியது.

மூன்று பயங்களுமே நியாயமானவை. அதனால் யார் சரி என்று தீர்ப்புச் சொல்வதைவிட நான் எப்படி அளந்து பார்க்கிறேன் என்பதைச் சொல்கிறேன். பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பல வருடமாக உதவுகிறது. பிடிக்காத ஒன்றை எதிர்கொள்ள மனிதனுக்கு இரண்டு வழி இருக்கிறது, விலகிப் போவது ஒன்று, இருந்துகொண்டே குரல் கொடுப்பது இன்னொன்று. விலகிப் போவது சுலபமாக இருக்கும் இடத்தில், அதாவது இந்தக் கடை இல்லாவிட்டால் அடுத்த கடை என்று போக முடிகிற இடத்தில், ஏமாற்று நடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும், அரசுக்கு வேறு வேலை கிடையாது. விலகவே முடியாத இடங்கள் உண்டு: வீட்டுக்கு வரும் ஒரே தண்ணீர்க் குழாய், சாக்கடை, தொற்றுநோய், விபத்தில் சுயநினைவில்லாமல் கிடக்கும்போது கொண்டுபோய்ச் சேர்க்கப்படும் மருத்துவமனை. அங்கெல்லாம் நாம் கேள்வி கேட்க முடிகிற ஒருவர் பொறுப்பில் இருந்தே ஆக வேண்டும். இதில் பலர் மறந்துவிடுவது, அரசிடமிருந்தும் நாம் விலகிப் போக முடியாது என்பதை. ஆகவே மற்ற எதையும்விட அதன்மேல்தான் காவல் அதிகம் வேண்டும். கீழே நான் சொல்லும் பதில்கள் எல்லாம் இந்த இடத்தில் நின்று சொல்வதுதான்.

கேள்வி: மாதச் சம்பளத்தில் என்னைக் கேட்காமலே வரி பிடிக்கிறார்கள். இதற்கும் வழிப்பறிக்கும் என்ன வித்தியாசம் சார்? – மென்பொருள் துறையில் வேலை செய்பவர்

உழைத்துச் சம்பாதித்ததன் மீது வரி போடுவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்று அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974இலேயே வாதாடியிருக்கிறார், அதனால் நீங்கள் தனி ஆள் இல்லை. வள்ளுவரும் ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்றார். ஆனால் அந்தக் குறள் கொடுங்கோன்மை அதிகாரத்தில் இருக்கிறது. இறைமாட்சி அதிகாரத்துக்குப் போனால் பொருள் வரும் வழியை உண்டாக்கி, சேர்த்து, காத்து, காத்ததைப் பகிர்ந்து செலவிடுவதுதான் அரசு என்கிறார். வரி வாங்குவது தவறு என்று அவர் சொல்லவில்லை, எப்படிப்பட்ட ஆட்சி வாங்குகிறது என்று பார்க்கச் சொல்கிறார்.

உங்கள் சம்பளத்தையே எடுத்துக்கொள்வோம். நிறுவனம் ஒப்பந்தப்படி பணம் தராவிட்டால் நீங்கள் நீதிமன்றம் போகலாம். அந்த நிறுவனமே சட்டத்தால் உருவான ஓர் அமைப்பு, அது திவாலானாலும் பங்குதாரரின் வீட்டை யாரும் ஜப்தி செய்ய முடியாது என்ற பாதுகாப்பும் சட்டம் கொடுத்தது. பணம் என்று கையில் வருவதும் அரசு அச்சடித்த தாள். வரிக்கு முந்தைய முழுத் தொகையும் யாருடைய துணையும் இல்லாமல் தானாக விளைந்தது என்று எடுத்துக்கொண்டால்தான் வழிப்பறி என்ற வாதம் நிற்கும். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் உங்கள் கோபத்தில் பாதி சரி. 1215இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் ஜான் மன்னனிடம் மாக்னா கார்ட்டா என்ற சாசனத்தில் எழுதி வாங்கியவற்றுள், எங்கள் சபையின் ஒப்புதல் இல்லாமல் சில வரிகளை விதிக்கக் கூடாது என்பதும் ஒன்று. அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனுக்கு எதிராகக் கிளம்பியதற்கும், எங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றம் எங்கள் மீது எப்படி வரி போடலாம் என்ற கேள்வி பெரிய காரணம். வழிப்பறிக்காரனிடம் போய்க் கணக்குக் கேட்க முடியாது, அரசிடம் கேட்க முடியும். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. வரவுசெலவுத் திட்டம் விவாதமே இல்லாமல் கைதட்டலில் நிறைவேறி, தணிக்கை அறிக்கையைப் படிக்க ஆளில்லாமல் போகும் நாட்டில் அந்த வித்தியாசம் மெலிந்துகொண்டே வரும். வரிவிகிதத்தைப் பற்றிக் கோபப்படும் நேரத்தில் கொஞ்சம் எடுத்துத் தணிக்கை அறிக்கையைப் பற்றியும் கோபப்படுங்கள்.

கேள்வி: தீயணைப்பு, கலங்கரை விளக்கம் போன்றவற்றை அரசால் மட்டுமே நடத்த முடியும் என்று பல வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். தனியார் இவற்றை நடத்தியதே இல்லையா? – ஓய்வு பெற்ற பொருளாதார ஆசிரியர்

நடத்தியிருக்கிறார்கள் ஐயா, அந்தக் கதை பாடப்புத்தகத்தில் இருப்பதைவிட நன்றாகவே இருக்கும்.

முதலில் கலங்கரை விளக்கம். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்காமல் போகும் கப்பலைத் தடுக்க முடியாது, ஆகவே தனியார் கட்ட முன்வரமாட்டார்கள் என்பதுதான் பாடம். 1974இல் பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் பழைய ஆவணங்களைப் புரட்டிப் பார்த்து, இங்கிலாந்தில் தனியார் கலங்கரை விளக்கங்களைக் கட்டி லாபமும் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டினார். நடுக்கடலில் கப்பலை நிறுத்திக் காசு கேட்கவில்லை, அது துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததும் கட்டணம் வாங்கினார்கள். சந்தைப் பொருளாதாரத்தை ஆதரிப்பவர்களுக்கு இது மிகவும் பிடித்த கட்டுரை. ஆனால் கதையை முழுதாகப் படிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை வாங்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுத்தது அரச ஆணை, துறைமுகத்தில் வசூலித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சுங்க அதிகாரிகள். கட்டியது தனியார் பணம், அதற்குப் பின்னால் நின்றது அரசின் கை. கடைசியில் 1836இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு எல்லாவற்றையும் டிரினிட்டி ஹவுஸ் என்ற பொது அமைப்பின் கீழ் கொண்டுவந்தது.

தீயணைப்பும் இதே மாதிரிதான். 1666இல் லண்டன் எரிந்த பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் முளைத்தன, அவை தங்கள் நஷ்டத்தைக் குறைக்கச் சொந்தமாகத் தீயணைப்புப் படை வைத்துக்கொண்டன. 1833இல் அந்தப் படைகளைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 1861இல் டூலி தெருக் கிடங்குகளில் பிடித்த தீயில் தாங்க முடியாத நஷ்டம் வந்ததும், இந்தப் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று காப்பீட்டு நிறுவனங்களே அரசிடம் போய் நின்றன. 1866 முதல் அது நகரத்தின் பொதுச் சேவை. எந்தப் பொதுவுடைமைவாதியும் பறிக்கவில்லை, நடத்தியவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவர்கள் செலவில் காப்பாற்றப்பட்ட வீடுகளில் காப்பீடு எடுக்காதவர்களின் வீடுகளும் இருந்தன, ஏனென்றால் தீ பாலிசி பார்த்துப் பரவுவதில்லை.

இப்படியெல்லாம் பழைய காலத்தில்தான் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சவுத் ஃபுல்டன் என்ற சிறு நகரத்தின் எல்லைக்கு வெளியே ஒரு வீடு தீப்பிடித்தது. நகரத்துக்கு வெளியே இருப்பவர்கள் வருடம் 75 டாலர் கட்டினால்தான் நகரத் தீயணைப்புப் படை வரும் என்பது அங்கே விதி, அந்த வீட்டுக்காரர் கட்டவில்லை. எவ்வளவு செலவானாலும் இப்போதே கட்டுகிறேன் என்று தொலைபேசியில் கெஞ்சியும் படை அசையவில்லை. பக்கத்து நிலத்துக்குத் தீ பரவியதும் வண்டி வந்தது, அந்த நிலத்துக்காரர் கட்டணம் கட்டியிருந்தார். அவர் நிலத்தை நனைத்துக் காப்பாற்றினார்கள், எரியும் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீட்டோடு வளர்ப்புப் பிராணிகளும் கருகின.

நின்றது தனியார் படை அல்ல, ஒரு நகராட்சியின் படை என்பதைக் கவனியுங்கள். அரசு நடத்தினாலே நியாயமாக நடந்துவிடும் என்பதற்கும் இங்கே இடமில்லை. கட்டணம் கட்டாதவனுக்கும் தண்ணீர் அடித்தால் நாளைக்கு யாருமே கட்டமாட்டார்கள் என்று அந்த விதியை ஆதரித்தவர்கள் சொன்னது தர்க்கப்படி சரிதான். அதனால்தான் தீயணைப்பை விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்ளும் சேவையாக வைக்கக் கூடாது, எல்லோரிடமும் வரியாக வாங்கிவிட்டு எல்லார் வீட்டுக்கும் போக வேண்டும் என்கிறேன். உங்கள் பாடம் தவறில்லை ஐயா. ‘தனியாரால் முடியாது’ என்ற வரியை மட்டும் ‘அரசின் துணையில்லாமல் முடியாது’ என்று மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: சிறிய அரசு இருந்தால் நாடு முன்னேறும், சிங்கப்பூரே சாட்சி. என் தம்பி ஸ்வீடனைக் காட்டி மறுக்கிறான். நீங்களே சொல்லுங்கள். – தொழில் முனைவோர்

இரண்டு பேரும் தவறான சாட்சியைக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் வரி குறைவு, உண்மை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஸ்வீடன் வாங்கும் வரியின் பங்கு 40 சதவீதத்துக்கு மேல், சிங்கப்பூரில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் அதே சிங்கப்பூரில் நிலத்தில் பெரும்பகுதி அரசுடையது, அங்கே வசிக்கும் குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் பத்துக்கு எட்டுப் பேர் அளவுக்கு அரசு வீட்டு வசதிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். சம்பளத்தில் 20 சதவீதம் தொழிலாளியிடமிருந்தும் 17 சதவீதம் முதலாளியிடமிருந்தும் மத்திய சேமநிதிக்குக் கட்டாயமாகப் போகிறது, வயது ஏறினால் விகிதம் குறையும். உன் பணத்தை எதற்குச் சேமிக்க வேண்டும் என்பதையும் அரசே சொல்லும் ஓர் ஏற்பாடு, இதற்குப் பெயர் சிறிய அரசா?

அந்தப் பக்கம் ஸ்வீடனில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று கிடையாது, தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். 1992 முதல் பெற்றோர் விரும்பும் தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் மாணவனோடு கூடவே போகிறது. 2004இல் வாரிசு வரியையே ஒழித்துவிட்டார்கள். உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: சீட் பெல்ட் போடுவதும் போடாததும் என் இஷ்டம். என் உயிர்மேல் அரசுக்கு என்ன அக்கறை? – பெயர் வேண்டாம் என்றவர்

உங்கள் கட்சியில் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். பிறருக்குத் தீங்கு வருமானால் மட்டுமே ஒருவன் சுதந்திரத்தில் சமூகம் தலையிடலாம் என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார். அதில் அவர் ஒரு பாலத்தைப் பற்றிச் சொல்கிறார். இடிந்து விழப்போகும் பாலத்தில் ஒருவன் தெரியாமல் கால் வைக்கிறான், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுத்துவிடலாம். ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தே போகிறான் என்றால் எச்சரிக்கலாம், தடுக்கக் கூடாது. சீட் பெல்ட் போட வேண்டும் என்ற சட்டத்தை முதலில் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970இல். மில் இருந்திருந்தால் ஒருவேளை எதிர்த்திருப்பார். நான் ஆதரிக்கிறேன், ஏனென்றால் பெல்ட் போடாமல் பின் சீட்டில் இருப்பவர் மோதலின்போது முன்னால் இருப்பவர் மீது போய் விழுகிறார், அது பிறருக்கு வரும் தீங்குதான்.

அதேசமயம் உங்கள் வாதத்தை நான் குப்பையில் போடவில்லை. உன் நன்மைக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு அரசு எந்த அளவுக்கும் போகும். அமெரிக்கா 1920 முதல் 1933 வரை நாடு முழுக்க மதுவை விலக்கி வைத்தது. கள்ளச்சாராயக் கும்பல்கள் கொழுத்ததும், லஞ்சம் காவல் நிலையம் வரை புகுந்ததும்தான் மிச்சம், கடைசியில் அரசியல் சட்டத்தைத் திருத்தித் தடையை எடுக்க வேண்டியிருந்தது. பெல்ட் போட ஒரு நொடி ஆகும், ஒருவன் வாழ்க்கை முறையை அது தொடுவதில்லை. தடையும் தண்டனையும் ஒருவன் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் நுழைய வேண்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் நான் முடிவு செய்வேன்.

கேள்வி: உதவித்தொகை கொடுத்துக் கொடுத்து மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள். உழைக்கிற எங்களுக்கு வயிறு எரிகிறது. – சிறு வணிகர்

எரிச்சல் புரிகிறது. ஆனால் சோம்பேறியாவது நிஜமா என்று தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆறு வளரும் நாடுகளில் நடந்த ஏழு பண உதவித் திட்டங்களின் ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள், பணம் வாங்கியதால் மக்கள் வேலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அலாஸ்கா மாநிலம் 1982 முதல் எண்ணெய் வருமானத்திலிருந்து அங்கே வசிப்பவர்கள் எல்லோருக்கும் வருடா வருடம் பணம் கொடுக்கிறது, அங்கேயும் மொத்த வேலைவாய்ப்பு விழவில்லை, பகுதிநேர வேலை மட்டும் கொஞ்சம் கூடியது. திட்டம் எப்படி அமைந்திருக்கிறது என்பதில்தான் சூட்சுமம். கூடுதலாக ஒரு ரூபாய் சம்பாதித்தால் முழு உதவியும் நின்றுவிடும் என்று விதி வைத்தால் புத்தியுள்ள எவனும் அந்த ஒரு ரூபாயைச் சம்பாதிக்கத் தயங்குவான். சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய வழக்கறிஞரான மில்டன் ஃபிரீட்மன் இதைத்தான் 1962இல் சொன்னார். வருமானம் ஒரு அளவுக்குக் கீழே இருந்தால் அரசே பணம் தரட்டும், சம்பாத்தியம் ஏற ஏறச் சிறிது சிறிதாகக் குறைக்கட்டும் என்றார்.

கேள்வி: ஜனநாயகத்தில் வெறும் பேச்சுதான். நல்ல மனசுள்ள ஒரு சர்வாதிகாரி பத்து வருடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும். ஒத்துக்கொள்கிறீர்களா? – முன்னாள் ராணுவ வீரர்

ஒத்துக்கொள்ளவே மாட்டேன் ஐயா. இதில் எனக்கு நடுநிலை கிடையாது.

சீனாவில் 1958இல் உற்பத்தியை ஒரேயடியாகப் பெருக்குவதற்கென்று ‘மாபெரும் பாய்ச்சல்’ என்ற திட்டம் தொடங்கியது. விவசாயிகளின் நிலத்தையும் சமையலையும்கூடக் கம்யூன் என்ற கூட்டு அமைப்புகளில் ஒன்று சேர்த்தார்கள். மேலிடத்துக்கு நல்ல செய்திதான் பிடிக்கும் என்று தெரிந்த உள்ளூர் அதிகாரிகள், விளைந்ததை விடப் பல மடங்கு விளைந்ததாகக் கணக்கு எழுதி அனுப்பினார்கள். அந்தப் பொய்க் கணக்கை வைத்துத்தான் அரசு தன் பங்குத் தானியத்தை அள்ளியது, அதனால் விளைவித்தவன் வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாமல் போனது. 1959இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த பெங் தெஹுவாய், போர்க்களம் கண்ட மார்ஷல், நிலைமையைச் சொல்லி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவரைப் பதவியிலிருந்து தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்? அதே வருடம் தானிய ஏற்றுமதியும் நடந்துகொண்டிருந்தது. 1961 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் கோடிக்கணக்கான பேர் செத்தார்கள். அமர்த்யா சென் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான், எதிர்க்கட்சியும் சுதந்திரமான பத்திரிகையும் செயல்படும் ஜனநாயக நாட்டில் பெரிய பஞ்சம் வந்ததில்லை. ஆட்சியாளர்கள் நல்லவர்களாக மாறிவிட்டதால் அல்ல, பட்டினிச் செய்தி மறுநாள் காலை பேப்பரில் வந்துவிடும் என்பதால்.

ஜனநாயகம் எல்லாவற்றையும் சாதித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பஞ்சத்தைத் தடுத்த அதே நாடுகளில் குழந்தைகள் தினமும் அரை வயிறாகப் படுப்பது தலைப்புச் செய்தியாவதில்லை, இதையும் சென்னே சுட்டிக்காட்டியிருக்கிறார். தென்கொரியா பார்க் சுங் ஹீயின் ராணுவ ஆட்சியில் வேகமாக வளர்ந்ததும் உண்மைதான். ஆனால் உங்களுக்கு வாய்க்கப் போவது பார்க்தான், மொபுட்டு இல்லை என்று யார் உத்தரவாதம் கொடுப்பார்கள்? 1965 முதல் 1997 வரை காங்கோவைச் சுரண்டியவர் மொபுட்டு. அவரும் ஒழுங்கைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லித்தான் வந்தார். பத்து வருடம் கழித்துப் போய்விடுங்கள் என்று சொல்ல, துப்பாக்கி அவரிடம் இருக்கும்போது நம்மிடம் என்ன இருக்கும்? பார்க்கும் பத்தில் நிற்கவில்லை. 18 வருடம் இருந்தார், 1979இல் அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுத்தான் அந்த ஆட்சி முடிந்தது.

கேள்வி: அரசும் வேண்டாம் முதலாளியும் வேண்டாம், மக்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்களே, அது வெறும் கனவா? – ஆய்வு மாணவர்

முழு நாட்டுக்கும் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. ஊர் அளவில் கனவே இல்லை, ஆதாரம் இருக்கிறது. 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய முதல் பெண் எலினார் ஆஸ்ட்ரம் வாழ்நாள் முழுக்கத் தேடியது இதைத்தான். ஸ்பெயினில் வலென்சியா நகரத் தேவாலயத்தின் வாசலில் வியாழக்கிழமை மதியம், பாசனத் தகராறுகளைத் தீர்க்கும் தண்ணீர் நீதிமன்றம் கூடும், பல நூற்றாண்டாகக் கூடிக்கொண்டிருக்கிறது. நீதிபதிகள் விவசாயிகள், வழக்கு வாய்மொழியாகத்தான், தீர்ப்பு அங்கேயே. சுவிட்சர்லாந்தில் டோர்பெல் என்ற மலைக்கிராமத்தில் 1517ஆம் வருடத்து விதி ஒன்று, குளிர்காலத்தில் உன் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ அத்தனையைத்தான் பொது மேய்ச்சலுக்கு அனுப்பலாம் என்கிறது. பேராசைக்கு எவ்வளவு சுலபமாகக் கடிவாளம் போட்டுவிட்டார்கள் பாருங்கள்! ஒருவரையொருவர் முகம் தெரியும், தப்பு செய்தால் உடனே தெரியும், விதியை மாற்ற அவர்களுக்கே அதிகாரம் உண்டு. ஆனால் பக்கத்து நாட்டிலிருந்து வரும் புகைக்கும் நோய்க்கும் இந்த ஏற்பாடு போதாது.

கேள்வி: அண்ணன் தீவிர வலதுசாரி, நான் இடதுசாரி. சாப்பிட உட்கார்ந்தாலே சண்டை. என்ன செய்ய? – பள்ளி ஆசிரியை

அடுத்த முறை அண்ணனிடம் ஜெர்மனியின் சான்சலராக இருந்த பிஸ்மார்க்கைப் பற்றிக் கேளுங்கள். சோஷலிஸ்டுகளை ஒடுக்க 1878இல் சட்டம் போட்ட பழமைவாதி அவர். 1883இல் தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதியோர் ஓய்வூதியம் என்று வரிசையாகக் கொண்டுவந்தவரும் அவரேதான், தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. அண்ணன் போன்றவர்கள் மதிக்கும் பொருளாதார அறிஞர் ஹாயெக்கூட 1944இல், உணவு உடை உறைவிடத்தில் ஒரு குறைந்தபட்ச அளவை எல்லோருக்கும் உறுதி செய்யலாம், நோய்க்கும் விபத்துக்கும் அரசு காப்பீட்டு ஏற்பாடு செய்யலாம் என்று எழுதியிருக்கிறார். நீங்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும் அம்மா. பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் அரசுக்குக் கொடுத்த வேலைகள் மூன்று: நாட்டுப் பாதுகாப்பு, நீதி, தனியாருக்குக் கட்டுப்படியாகாத பொதுப்பணிகள். இந்த மூன்றையே ஒழுங்காகச் செய்யாத அரசு முப்பதை எடுத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறது என்று அண்ணன் கேட்டால் அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பெரியம்மை ஒழிப்புக்கு 1958இல் யோசனை சொன்னது சோவியத் யூனியன், உலக சுகாதார அமைப்பில் 1966 முதல் அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஓர் அமெரிக்கர், 1980இல் நோயே இல்லை என்று அறிவித்தார்கள். அணுகுண்டை நீட்டிக்கொண்டு நின்ற இரண்டு அரசுகளால் அது முடிந்தது.

கேள்வி: வங்கிகள் மூழ்கினால் மட்டும் அரசு ஓடிவருகிறதே? – வங்கியில் வேலை பார்த்தவர்

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது, அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றம் 70,000 கோடி டாலர் மீட்பு நிதிக்கு ஒப்புதல் கொடுத்தது. அப்போது ஆட்சியில் இருந்தது குடியரசுக் கட்சி. ‘இன்றைய நெருக்கடிக்கு அரசு தீர்வல்ல, அரசே பிரச்சினை’ என்று 1981இல் பதவியேற்பு விழாவில் சொன்ன அதிபர் ரீகனின் கட்சி. மீட்டதைக் குற்றம் சொல்ல மாட்டேன், விட்டிருந்தால் சாதாரண மக்களின் சேமிப்பும் வேலையும்தான் முதலில் போயிருக்கும். எனக்குக் கோபம் அதற்கு முந்தைய வருடங்களின் மேல். லாபம் வந்தபோது எங்களை மேற்பார்வை செய்யாதீர்கள் என்றவர்கள், நஷ்டத்தைப் பொதுமக்கள் தலையில் இறக்கினார்கள். விழவே விட முடியாத அளவுக்கு ஒரு நிறுவனம் வளர்ந்துவிட்டால் அதிலிருந்து நாம் விலகிப் போக முடியாது. அப்போது கணக்கைப் பார்க்கும் உரிமை பொதுமக்கள் சார்பில் அரசுக்கு இருக்க வேண்டும், அதுவும் விழுந்த பிறகு இல்லை, நன்றாக ஓடும்போதே.

கேள்வி: முதல் தடவை ஓட்டுப் போடப் போகிறேன். தேர்தல் அறிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எதைப் பார்த்து முடிவு செய்வது? – 18 வயது வாசகி

முழு அறிக்கையும் வேண்டாம்மா. உங்கள் வீட்டை நேரடியாகத் தொடும் ஒரே ஒரு வாக்குறுதியை ஒவ்வொரு கட்சியிடமிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் வரியா, கடனா, வேறு எதையாவது வெட்டி எடுப்பதா என்று அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். நடத்தப் போவது அரசுத் துறையா, தனியார் ஒப்பந்தக்காரரா, உள்ளாட்சியா என்று பாருங்கள். அப்புறம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது: அது எனக்குக் கிடைக்காமல் போனால் நான் எந்த அலுவலகத்தில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும், அவர் மறுத்தால் அடுத்து எங்கே போவது, எத்தனை நாளில் பதில் வரும்? ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் கேளுங்கள். பணம் எங்கிருந்து வரும் என்பதற்கு எல்லோரும் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள், இதற்கு யோசித்து வைத்திருப்பவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் அவர் பேச்சைக் கூடுதலாக ஐந்து நிமிடம் நின்று கேட்கலாம்.